கடன் பாக்கியும் காவல் நிலையமும்

மும்பை தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் தோல் பைகளையும் பணப்பைகளையும் இடுப்பு வார்களையும் தைத்துக் கொடுக்கிற சிறு பட்டறைகளின் வியாபாரம் பெரும்பாலும் ரொக்கத்தில் நடப்பதில்லை. தோல் கொடுத்தவர் தவணையில் கொடுத்திருப்பார். அதைத் தைத்தவர், கடைக்காரர் சரக்கை விற்று முடித்த பிறகு பணம் தந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் மூட்டைகளை ஏற்றி அனுப்பியிருப்பார். கடைக்காரரோ தமக்கு மேலே உள்ள மொத்த வியாபாரியின் செக் எப்போது வரும் என்று காத்திருப்பார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறிய குடும்பங்களும், மாட்டுங்காவில் கடை வைத்துப் பிழைப்பவர்களும், செம்பூரில் சிறு ஒப்பந்த வேலைகளை எடுத்துச் செய்கிறவர்களும் இந்தக் கடன் சங்கிலியின் ஏதாவதொரு கண்ணியில்தான் ஜீவனம் நடத்தி வருகிறார்கள். சங்கிலி ஓரிடத்தில் அறுந்து, மூன்று மாதத்தில் வரவேண்டிய பாக்கி ஆறு மாதமாகியும் வராமல், எதிராளி கைப்பேசியை எடுப்பதையும் நிறுத்திவிட்டால், நஷ்டப்பட்டவரின் மனம் முதலில் வக்கீலை நாடுவதில்லை. ஸ்டேஷனில் ஒரு பிராது கொடுத்தால் தானே வழிக்கு வருவான் என்றுதான் நினைக்கிறது.

அந்த ஆத்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. உழைத்துத் தைத்த பைகள் எங்கோ ஒரு கடையில் விற்றுப்போயிருக்க, தைத்தவர் வீட்டில் பள்ளிக்கூடக் கட்டணத்துக்குப் பணமில்லை என்றால், அது அவருக்குக் குற்றமாகத்தான் தோன்றும். ஆயினும் போலீசாரிடம் உள்ள அதிகாரம் ஒரு மனிதனை அவன் வீட்டிலிருந்து அழைத்துச் சென்று சிறையில் வைக்கவல்ல அதிகாரம். அதைக் கடன் வசூலிக்கும் கருவியாகப் பிரயோகிக்க நமது சட்டம் ஒருபோதும் சம்மதித்ததில்லை. அதே சட்டம், வியாபாரம் என்ற பெயரில் ஒருவன் திட்டமிட்டுச் செய்த வஞ்சனையைக் கண்டும், இது உங்கள் இருவருக்கும் உள்ள கணக்கு என்று சொல்லிப் பிராது கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பப் போலீசாருக்கு உரிமை கொடுக்கவும் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை எது என்பதைச் சாமானிய வியாபாரி அறிந்திருப்பது அவசியம் என்று நான் திடமாக நம்புகிறேன். ஏனெனில் அதை அறியாமல் தவறான வாசலில் போய் நிற்பதால் அவர் இழப்பது பணத்தோடு நின்றுவிடுவதில்லை.

விசேஷம் என்னவென்றால், இந்த எல்லை பிற்காலத்து நீதிபதிகள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. 1860-இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலேயே, ஏமாற்றுதல் என்ற குற்றத்தை விளக்கும் 415-ஆம் பிரிவின் கீழ், அக்காலத்துப் பெரும் வியாபாரமான அவுரியை வைத்து ஓர் உதாரணம் சொல்லப்பட்டிருக்கிறது. அவுரிச் செடியைக் கொடுக்கிறேன் என்று நம்பவைத்து, கொடுக்கும் எண்ணம் சிறிதும் இல்லாமலேயே ஒருவன் முன்பணம் வாங்கினால் அவன் ஏமாற்றியவனாகிறான். பணம் வாங்கிய வேளையில் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் உண்மையில் இருந்து, பின்னால் ஏதோ காரணத்தால் சொல் தவறிவிட்டால், அவன் குற்றவாளியல்லன், ஒப்பந்தத்தை மீறியதற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் பதில் சொல்லவேண்டியவன் மட்டுமே. சரக்கு வராததும் பணம் திரும்பாததும் இருவருக்கும் பொது. பேரம் முடிந்த அந்தக் கணத்தில் மனத்தில் என்ன இருந்தது என்பது ஒன்றே அவர்களைப் பிரிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, நாடெங்கும் பழமொழிபோல் வழங்கிய 420-ஆம் பிரிவு 318-இன் நாலாம் உட்பிரிவாக மாறியபோதும், அவுரி உதாரணம் அப்படியே தொடர்கிறது.

மனத்தில் இருந்ததை யார் கண்டார்கள் என்று கேட்கலாம். கண்டவர் இல்லைதான், ஆனால் மனம் செய்கையில் தடயம் விட்டுச் செல்கிறது. சரக்கு வாங்கும்போது கொடுத்த விலாசம் பொய்யாயிருந்தது, ஜி.எஸ்.டி. எண் வேறொருவருடையதாயிருந்தது, கொடுத்த செக் அதற்கு முன்பே மூடப்பட்ட கணக்கின் செக்காயிருந்தது, ஒரே மாதத்தில் பத்துப் பேரிடம் கடனில் வாங்கிய சரக்கு முழுவதும் வாங்கிய விலைக்கும் கீழே ரொக்கத்துக்கு விற்கப்பட்டது, கடை ஓர் இரவில் காலியானது என்பன போன்ற சங்கதிகள் சேரும்போதுதான், முதல் நாளிலேயே கெட்ட எண்ணம் இருந்தது என்று ஊகிக்க இடம் ஏற்படுகிறது. ஐந்து வருஷமாக ஒழுங்காகக் கணக்குத் தீர்த்துவந்த ஒரு கடைக்காரர், பெருமழையிலோ பெருந்தொற்றுக் காலத்திலோ வியாபாரம் படுத்து ஆறாம் வருஷத்தில் பாக்கி வைத்தால், அந்த ஊகத்துக்கு ஆதாரம் ஏது? பணம் தரவில்லை என்ற ஒன்றையே சாட்சியாக வைத்து, ஆரம்பத்திலேயே ஏமாற்ற நினைத்தான் என்று முடிவு கட்டலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் ஹ்ருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் தெளிவாக்கியது.

இந்தக் கொள்கை நடைமுறையில் எவ்வாறு பிரயோகமாகிறது என்பதைப் பார்க்க, தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் வருகிற பாந்த்ரா கிழக்கில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் இந்தியன் ஆயில் ஸ்தாபனம், சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. கம்பெனி மீது தொடுத்த வழக்கைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. காற்றாலை இயந்திரங்கள் செய்து பெயர் பெற்றிருந்த என்.இ.பி.சி., தனியாருக்கு வான்வழி திறந்துவிடப்பட்ட தொண்ணூறுகளில் விமானத் தொழிலிலும் இறங்கி, மும்பையின் தமானியா ஏர்வேஸையும் வாங்கி, ஸ்கைலைன் என்.இ.பி.சி. என்ற பெயரில் நடத்தியது. விமானங்களுக்கு வேண்டிய எரிபொருளை இந்தியன் ஆயில் கடனில் கொடுத்துவந்தது; பாக்கி கோடிக்கணக்கில் பெருகவே, 1997 மே மாதத்தில் விமானங்களை ஈடாக எழுதி வாங்கிக்கொண்டது. எழுத்தில் ஈடு இருந்ததேயொழிய விமானங்கள் என்.இ.பி.சி.யின் சுவாதீனத்திலேயே இருந்தன. பிறகு பணமும் வரவில்லை. ஈடாக வைத்த விமானங்களின் இயந்திரங்களும் முக்கிய பாகங்களும் கழற்றப்பட்டு, ஈட்டின் மதிப்பே போய்விட்டது என்பது இந்தியன் ஆயிலின் குற்றச்சாட்டு.

கோயம்புத்தூரிலும் சென்னை ஆலந்தூரிலும் மாஜிஸ்திரேட்டுகள் முன்பு திருட்டு, சொத்துக் கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், சேதம் விளைவித்தல் என்று ஐந்து குற்றங்களைச் சொல்லி இந்தியன் ஆயில் பிராது கொடுத்தது. இது வெறும் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று கருதிச் சென்னை உயர் நீதிமன்றம் 2001-இல் இரண்டு பிராதுகளையும் ரத்து செய்தது. 2006 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எச்.கே. சேமாவும் ஆர்.வி. ரவீந்திரனும் வழங்கிய தீர்ப்பு ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தது. விமானங்கள் ஈடு வைத்தவரின் கையிலேயே இருந்தபடியால், பிறர் கையிலிருந்து எடுத்ததாகச் சொல்லித் திருட்டு என்பதற்கோ, கடன் கொடுத்தவர் ஒப்படைத்த பொருள் என்று சொல்லி நம்பிக்கை மோசடி என்பதற்கோ இடமில்லை என்று, கையாடலையும் சேர்த்து மூன்று குற்றங்களைத் தள்ளியது. மற்ற இரண்டையும் தள்ளவில்லை. ஒன்றைச் செய்வதாக உறுதி கூறி எரிபொருளையும் அவகாசத்தையும் பெற்றுக்கொண்டு, மறுபுறம் இயந்திரங்களைக் கழற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு உண்மையாயின் அது ஏமாற்றுதலாகும். தன் சொந்தப் பொருளேயானாலும் பிறருக்கு நஷ்டம் விளையும் வண்ணம் அதைக் குலைப்பது சேதம் விளைவிக்கும் குற்றமாகும். ஆகவே இவ்விரண்டின் மீதும் வழக்கு நடக்கட்டும் என்று கட்டளையிட்டது. குற்றம் நடந்தது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. விசாரித்துப் பார்க்க முகாந்திரம் உண்டு என்று மட்டுமே சொன்னது.

இதே தீர்ப்பில்தான், உரிமையியல் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது, கடன் கொடுத்தவனை அது காப்பதில்லை என்ற எண்ணத்தால், வெறும் பணத் தகராறுகளைக் கிரிமினல் வழக்காக மாற்றுகிற மனோபாவம் வியாபார வட்டாரத்தில் வளர்ந்துவருவதை நீதிபதிகள் வருத்தத்துடன் குறிப்பிட்டார்கள். அவ்வாறு வீணாகக் குற்றம் சாட்டுகிறவரிடமிருந்து நஷ்டஈடு வாங்கிக்கொடுக்க அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 250-ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு அளித்த அதிகாரத்தை அடிக்கடி பயன்படுத்துமாறும் சொன்னார்கள். ஒரே சம்பவத்திலிருந்து உரிமையியல் வழக்கும் கிரிமினல் வழக்கும் சேர்ந்தே பிறக்கலாம் என்பதையும், ஒன்று இருப்பதாலேயே மற்றது அடைபட்டுப் போகாது என்பதையும் அதே மூச்சில் ஸ்தாபித்தார்கள். கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருங்கே நீதி செய்த தீர்ப்பு அது என்பது என் அபிப்பிராயம்.

நம்பிக்கை மோசடி பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; தாராவி போன்ற இடங்களில் அதிகமாகக் குழப்பம் நேர்வது இங்கேதான். ஏற்றுமதிக்காரர் ஒருவர் தம்முடைய தோலைக் கொடுத்து, கூலிக்குப் பை தைத்துத் தரும்படி ஒரு பட்டறையிடம் ஒப்படைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோல் அவருடையதாகவே இருக்கிறது; பட்டறைக்காரர் அதற்குக் காவலர் மாத்திரமே. அவர் அந்தத் தோலை வெளியில் விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடி. அதே பட்டறைக்காரர் தமது சொந்தப் பைகளைக் கடைக்காரருக்குக் கடனில் விற்று, கடைக்காரர் பணம் தராவிட்டால், அது எவ்வளவு பெரிய தொகையானாலும் நம்பிக்கை மோசடியாகாது; விற்ற மாத்திரத்தில் பைகள் கடைக்காரருடைய சொத்தாகிவிட்டன, விற்றவர் வாங்கியவரிடம் கடன் பாக்கிதான் கேட்கமுடியும். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த டில்லி ரேஸ் கிளப் வழக்கு சரியாக இந்த ரகத்தைச் சேர்ந்தது. பந்தயக் குதிரைகளுக்குத் தானியமும் ஓட்ஸும் விற்ற வியாபாரி, வரவேண்டிய சுமார் 9 லட்சம் ரூபாய்க்காக நம்பிக்கை மோசடி என்று பிராது கொடுத்திருந்தார். அதை ரத்து செய்த நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் மனோஜ் மிஸ்ராவும், தண்டனைச் சட்டம் வந்து 162 ஆண்டுகளாகியும் ஏமாற்றுதலுக்கும் நம்பிக்கை மோசடிக்கும் உள்ள வித்தியாசம் நீதிமன்றங்களுக்கே பிடிபடவில்லையே என்று கவலை தெரிவித்தார்கள். முதல் நாளிலேயே வஞ்சக எண்ணம் இருப்பது ஏமாற்றுதல். நேர்மையாகக் கைக்கு வந்த பிறர் பொருளைப் பிறகு வஞ்சகமாக எடுத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி. ஒரே செய்கை ஒரே சமயத்தில் இரண்டுமாக இருக்கமுடியாது. இருந்தும் இரண்டு பிரிவுகளையும் ஜோடியாக எழுதிப் பதிவு செய்கிற பழக்கம் நாட்டில் வெகுவாக வேரூன்றியிருக்கிறது.

போலீசார் தலையிடவே கூடாது என்று யாரேனும் இதிலிருந்து முடிவு செய்தால், அவர்களுக்கு மும்பையே பதில் சொல்லும். 2013 ஜூலை 31 அன்று நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் என்ற சரக்குச் சந்தை வியாபாரத்தைத் திடீரென்று நிறுத்தியபோது, சுமார் 13,000 முதலீட்டாளர்களுக்கு ஏறக்குறைய 5,600 கோடி ரூபாய் வரவேண்டியிருந்தது. சர்க்கரை, இரும்பு, நெல் முதலியன கிடங்கில் இருக்கின்றன, அவற்றின் ரசீதை இன்று வாங்கிச் சில வாரங்கள் கழித்து விற்றால் லாபம் நிச்சயம் என்ற ஏற்பாட்டை நம்பி ஜனங்கள் பணம் போட்டிருந்தார்கள். ரசீது இருந்த பல கிடங்குகளில் சரக்கு இல்லை என்ற புகார் எழுந்தது. இதைச் சரக்கு வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள ஒப்பந்த மீறல் என்று சொல்லி விட்டுவிடமுடியுமா? மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது; முதலீட்டாளர்களைப் பாதுகாக்கும் 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டத்தின்படி சொத்துக்கள் முடக்கப்பட்டன. அச்சட்டம் இச்சந்தைக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னதை, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாற்றி, சொத்து முடக்கம் செல்லும் என்றது. கணக்குப் புத்தகங்களைக் கைப்பற்றுவதும், பல மாநிலக் கிடங்குகளைத் திறந்து பார்ப்பதும், பணம் எந்த வங்கி வழியாக எங்கே போயிற்று என்று தொடர்வதும் தனி மனிதரால் ஆகிற காரியமன்று; அதிகாரமுள்ள புலனாய்வு ஒன்றே அதைச் செய்யவல்லது.

இனி, பிராது கொடுக்கப் போகிறவர் அறியவேண்டிய நடைமுறை. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே தீரவேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் விதித்தது. ஆனால் வியாபார சம்பந்தமான குற்றங்களில் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்திப் பார்க்கலாம் என்று விலக்கும் அளித்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாத அதிகாரியின் அனுமதியோடு 14 நாளில் அத்தகைய விசாரணையை முடிக்கச் சொல்கிறது. ஐந்தாண்டு வரை தண்டனை உள்ள சாதாரண நம்பிக்கை மோசடி இதற்குள் அடங்கும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள 318-இன் நாலாம் உட்பிரிவு அடங்காது, அங்கே லலிதா குமாரித் தீர்ப்பின் விலக்கே துணை. ஸ்டேஷனில் மறுத்தால் மேலதிகாரிக்கு எழுதலாம். அவரும் அசையாவிட்டால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எதிர்த்தரப்பில் நிற்பவருக்கும் சட்டத்தில் கவசம் உண்டு. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது கூடாது என்பது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. குற்றமே வெளிப்படாத வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். பணத் தகராறில் எஃப்.ஐ.ஆர். போட்டதற்காக 2025 ஏப்ரலில் உத்தரப் பிரதேச அரசுக்கு உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் செலவுத்தொகை விதித்ததும் உண்டு.

இவ்வளவு கண்டிப்புக்குப் பின்னும் ஜனங்கள் ஏன் ஸ்டேஷனுக்கே போகிறார்கள்? எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் மாட்டுங்கா, தாராவி வட்டாரத்துத் தமிழர் பலர் தங்கள் பாக்கித் தகராறையும் இடத் தகராறையும் வரதராஜ முதலியாரின் தர்பாருக்கு எடுத்துப்போனார்கள். கள்ளச்சாராயத்திலும் கடத்தலிலும் செல்வம் சேர்த்தவர் அவர் என்பது ஊரறிந்த விஷயம். போனவர்கள் அதை அறியாதவர்களல்லர். அங்கே அன்றைக்கே தீர்ப்புக் கிடைத்தது, தீர்ப்பு அன்றைக்கே நிறைவேறியது. ஒய்.சி. பவார் என்ற போலீஸ் அதிகாரியின் கடும் நடவடிக்கையால் அந்த தர்பார் கலைந்தது. முதலியாரும் சென்னைக்குப் போய் 1988-இல் காலமானார். ஆனால் அதைத் தேடிப்போன தேவை கலையவில்லை. நீதிமன்றங்கள் வியாபாரியைக் கடிந்துகொள்கிற அதே உறுதியோடு, அவன் பாக்கியை ஓராண்டில் தீர்த்துவைக்கிற உரிமையியல் நீதியை அரசாங்கம் கொடுத்தாலன்றி, அந்தக் கடிதலில் முழு நியாயம் இராது என்று நான் சொல்லத் துணிவேன்.

அதுவரை கையில் உள்ள வழிகளையாவது தவறவிடலாகாது. உத்யம் பதிவு பெற்ற சிறு தொழில் நடத்துவோர் கொடுத்த சரக்குக்கு, எழுத்தில் எத்தனை நாள் தவணை இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாகவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. இதற்கென அமைந்த கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துப் போகிறவர், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். 3 லட்சத்துக்கு மேற்பட்ட வியாபார வழக்குகளுக்கு வணிக நீதிமன்றம் இருக்கிறது. அவசர உத்தரவு வேண்டாத வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சுக்குப் போவது அங்கே கட்டாயம். செக் திரும்பிவந்தால் போலீசாருக்கு அதில் வேலையே இல்லை. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார். இரண்டாண்டு வரை சிறையோ, செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்தத் தேதிகளில் ஒன்று தவறினாலும் நல்ல வழக்கும் பெரும்பாலும் பாழாகிறது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, ஸ்டேஷன் படியேறி இறங்கியே காலத்தைத் தொலைக்கிறவர்களின் கதி. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்றாண்டுதான் கெடு. போலீசில் கொடுத்த பிராது அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்திவைப்பதில்லை. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுப் பேசுவார், எதிராளி அடுத்த மாதம் என்பான், அப்படியே இரண்டரை வருஷம் ஓடிவிடும். ஆனால் அந்த மூன்றாண்டுக்குள் கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்திட்டாலோ, கொஞ்சம் பணம் கட்டி அதை எழுத்தில் காட்டினாலோ, அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்றாண்டு பிறக்கிறது. ஆகையால் வருஷா வருஷம் மார்ச் முடிந்ததும் கணக்கை அனுப்பி, பாக்கி இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளும் ஒரு வரியில் கையெழுத்து வாங்கிவைப்பதும், சரக்குச் சலானில் வாங்கினவரின் முத்திரை இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் எந்தப் பட்டறைக்கும் எட்டாத காரியமல்ல. உரிமையியல் நீதிமன்றமோ போலீஸ் விசாரணையோ, பின்னால் எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.